பதினாறு பைட்டில் அடங்காத கயத்தாறு

கயத்தாறு என்றதும் பள்ளிப் பாடம் படித்தவர்களுக்குக் கட்டபொம்மன் நினைவு வரும். மின்துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு நினைவு வருவது காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க்குள் நெருக்குண்டு வேகம் பிடிக்கும் தென்மேற்குக் காற்று, கரிசல் சமவெளியில் விரியும் பாதையில் இந்த ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. அதைத் தொடர்ந்து கயத்தாற்றிலும் காற்றாலைகள் எழுந்தன. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் இங்கேதான் இயங்குகிறது. மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மதுரை–திருநெல்வேலி நாற்கரச் சாலையில் போகிறவர் கண்ணுக்கு உயரமான தூணும் மூன்று இறக்கைகளும் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கும் கணினி தெரியாது. காற்று எந்தத் திசையில் வருகிறது, வேகம் எவ்வளவு, இறக்கையை எத்தனை பாகை திருப்ப வேண்டும், எப்போது பிரேக் போட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். அந்த விவரங்களை எங்கோ தொலைவில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு விடாமல் அனுப்பிக்கொண்டிருப்பதும் அதுதான். பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளைகிற காட்டுக்கு நடுவே, ஒன்றோடொன்று கோத்துவிட்ட கணினிகள் வரிசையாக நிற்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கோவை அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பா ஒருமுறை பார்த்துவிட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா உக்ரைனுக்குள் படையனுப்பிய அதே அதிகாலையில், வியாசாட் நிறுவனத்தின் கே.ஏ.-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை தாக்கப்பட்டது. குறி உக்ரைன். ஆனால் ஜெர்மனியின் எனர்கான் நிறுவனத்துக் காற்றாலைகளும் அதே சேவை வழியாகத்தான் கண்காணிக்கப்பட்டு வந்தன. சுமார் 5,800 காற்றாலைகள், மொத்தம் 11,000 மெகாவாட் திறன் கொண்டவை, கட்டுப்பாட்டு அறையின் பார்வையிலிருந்து ஒரே வீச்சில் மறைந்தன. ஏறத்தாழ தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் அளவு அது. காற்றாலைகள் நிற்கவில்லை, தானியங்கி முறையில் சுற்றிக்கொண்டேதான் இருந்தன; ஆனால் பழுது வந்தால் தூரத்திலிருந்து எதுவும் செய்ய முடியாது என்ற நிலை. தாக்கியவர்கள் உள்ளே நுழைந்த வழி, சரியாக அமைக்கப்படாத ஒரு வி.பி.என். கருவி. இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கூடங்குளம் இருக்கிறது. 2019இல் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான வலைப்பின்னலில் இணைந்திருந்த ஒரு கணினியில் டி-ட்ராக் என்ற தீநிரல் புகுந்திருந்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பு அதை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே தகவல் சொல்லியிருந்தது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனி, அதற்குப் பாதிப்பு இல்லை என்று கழகம் விளக்கியது.

இப்படிச் சில சம்பவங்களைச் சொல்லிவிட்டு, 'ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்' என்று முடிப்பதுதான் நம் பள்ளிகளில் நடக்கும் இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டங்களின் வழக்கம். அந்த அறிவுரை தேவைதான். ஆனால் அது கீழ்ப்படியச் சொல்லித் தருகிறதே தவிர, கண்டுபிடிக்கச் சொல்லித் தருவதில்லை. பாதுகாப்பு ஓட்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும், மென்பொருளை எழுதியவர் தனக்கே தெரியாமல் மனத்தில் வைத்துக்கொண்ட ஓர் எண்ணம். 'இங்கே யாரும் இப்படித் தட்டச்சு செய்ய மாட்டார்கள்', 'இந்தக் கதவு வழியாக ஊழியர்கள் மட்டும்தான் வருவார்கள்' என்பது மாதிரி. எழுதாமல் விட்ட அந்த எண்ணத்தைத் தோண்டி எடுப்பவன் திருடனாகவும் இருக்கலாம், காவல்காரனாகவும் இருக்கலாம். முதலில் வருவது யார் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. தோண்டும் பழக்கத்தைப் பதினாறு, பதினேழு வயதில் ஊட்ட இன்று கைவசம் இருக்கும் வழிகளில் சிறந்தது, பள்ளி மாணவர் அணிகளுக்கான இணையப் பாதுகாப்புப் போட்டி. கயத்தாறு மாதிரி ஊர்களின் பள்ளிகள் அதற்குள் இறங்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

போட்டியின் அமைப்பு எளிது. நடத்துபவர்கள் வேண்டுமென்றே ஓட்டை வைத்து ஒரு நிரலையோ, இணையப் பக்கத்தையோ, சிதைந்த கோப்பையோ தருவார்கள். உள்ளே ஒரு வரி ஒளிந்திருக்கும். அதற்குக் 'கொடி' என்று பெயர். அதைக் கண்டுபிடித்துத் தளத்தில் இட்டால் மதிப்பெண். ஆரம்பநிலைக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒரு புகைப்படக் கோப்பு தரப்படுகிறது. எந்தச் செயலியில் திறந்தாலும் 'கோப்பு பழுது' என்கிறது. கோப்பு என்பது கடைசியில் 0 முதல் 255 வரையிலான எண்களின் நீண்ட வரிசைதான். அந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். ஜேபெக் வகைப் படம் எதுவானாலும் 255, 216, 255 என்றுதான் தொடங்கும். தரப்பட்ட கோப்பைப் பிரித்துப் பார்த்தால் 0, 216, 255 என்று இருக்கிறது. முதல் பைட்டை மாற்றி எழுதினால் படம் திறக்கிறது, அதில் கொடி தெரிகிறது. மாணவர் இங்கே கற்றது ஒரு தந்திரம் மட்டும் இல்லை. கோப்பின் பெயரில் இருக்கும் வால் எதையும் நிரூபிப்பதில்லை, உள்ளே இருப்பதுதான் சாட்சி என்ற ஞானம் அது. பி.டி.எஃப். என்று வாட்ஸாப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை உண்மையில் ஒரு செயலியாக இருக்கலாம் என்பதை அதன்பிறகு அவருக்கு யாரும் போஸ்டர் ஒட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த படிக்குப் போவோம். இதற்குக் கயத்தாறே போதும். இந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால் தமிழ் படித்தவர் க, ய, த், தா, று என்று ஐந்து சொல்வார். கணினியைக் கேட்டால் எட்டு என்கிறது. யூனிகோடு முறையில் மெய்ப்புள்ளி, துணைக்கால், உகரக் குறி ஒவ்வொன்றும் தனி அலகு. இன்னும் கீழே இறங்கி, நினைவகத்தில் எவ்வளவு இடம் என்று கேட்டால் 24 பைட். இணையத்தில் பரவலாகப் புழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வோர் அலகும் மூன்று பைட் எடுக்கும். 'க' என்பது 224, 174, 149 என்ற மூன்று எண்கள். அதே ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டு எழுத்து, எட்டே பைட். (தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் 160 எழுத்துக்குப் பதில் 70இலேயே தீர்ந்துபோவதும் இதே சங்கதியின் வேறொரு வடிவம்.) இப்போது, சி மொழியில் ஒருவர் நிரல் எழுதுகிறார். ஊர்ப்பெயருக்குப் பதினாறு பைட் ஒதுக்குகிறார். ஆங்கிலத்தில் எட்டு, முடிவைக் காட்டும் பூஜ்யம் ஒன்று, ஆக ஒன்பது, தாராளமாக இருக்கிறது. யாரோ தமிழில் 'கயத்தாறு' என்று இடுகிறார்கள். பூஜ்யத்தோடு 25 பைட். சி மொழியின் பழைய கட்டளைகள் சில, இடம் போதுமா என்று கேட்காமலே எழுதிக்கொண்டு போகும். மிச்ச ஒன்பது பைட் அடுத்த இடத்தில் வழிந்து விழுகிறது. அந்த அடுத்த இடத்தில் 'இவர் நிர்வாகியா, இல்லையா' என்ற விடை வைக்கப்பட்டிருந்தால்? இல்லை என்பதற்கு 0, மற்ற எந்த எண்ணானாலும் ஆம் என்று நிரல் எழுதப்பட்டிருந்தால், ஊர்ப்பெயரைத் தாய்மொழியில் எழுதிய ஒரே குற்றத்துக்காக ஒருவர் நிர்வாகி ஆகிவிடுவார்.

இது வெறும் வகுப்பறைக் கற்பனை இல்லை. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் அவிழ்த்துவிட்ட நிரல், அன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு என்று மதிக்கப்பட்ட சுமார் 6,000 கணினிகளுக்குள் புகுந்தது. அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்துக்குள் 536 பைட்டைத் திணித்தது. அதற்குப் பிறகு, நிரலைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் மொழிமாற்றிகள் இப்படி வழிவதைப் பிடிக்கக் காவல் எண் வைக்கின்றன, எல்லை பார்க்கும் புதிய மொழிகள் வந்துவிட்டன. ஆனாலும் 'ஓர் எழுத்து, ஒரு பைட்' என்ற எண்ணம் இன்னும் எத்தனையோ நிரல்களுக்குள் குடியிருக்கிறது. ஆங்கிலம் மட்டும் புழங்கும் ஊரில் அந்த எண்ணம் பல நாள் பொய்க்காது. தமிழ்ப் பிள்ளை ஒன்று தன் பெயரைத் தமிழில் இட்டுப் பார்க்கும் கணத்தில் பொய்த்துவிடும். இன்னொன்றும் உண்டு. 'கோவில்பட்டி'யின் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே அலகாக, அல்லது இரட்டைச்சுழியும் துணைக்காலும் ஆகிய இரண்டு அலகாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு. தடை செய்யப்பட்ட பெயர்ப் பட்டியலில் ஒரு வடிவம் இருந்தால் மற்றது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இப்படிப்பட்ட கணக்குகளை உருவாக்க அமெரிக்கா போக வேண்டாம். தமிழ் ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

போட்டிக் கணக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில், சென்னை தாம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிளஸ் டூ மாணவர் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ரயில் டிக்கெட் எடுக்கப் போய் ஓர் ஓட்டையைக் கண்டார். டிக்கெட் விவரத்தைக் கேட்டுத் தளத்துக்குப் போகும் செய்தியில் ஒரு பரிவர்த்தனை எண் இருந்தது. அந்த எண்ணை மாற்றினால் முகம் தெரியாத வேறொரு பயணியின் பெயர், வயது, பி.என்.ஆர்., பயண விவரம் எல்லாம் வந்தன. டிக்கெட்டை ரத்து செய்யவோ ஏறும் நிலையத்தை மாற்றவோகூட வழி இருந்தது. எண்ணைக் கேட்பவர் அந்த டிக்கெட்டுக்கு உரியவர்தானா என்று தளம் சரிபார்க்கவில்லை. 'நம் பக்கத்தில் நாம் காட்டிய எண்ணைத்தானே திருப்பி அனுப்புவார்கள்' என்பது அங்கே ஒளிந்திருந்த எண்ணம். அவர் செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தார். சில நாள்களில் ஓட்டை அடைக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு தளத்தில், தொழில்முறை நிபுணர்கள் கவனிக்காத ஒன்றைப் பள்ளி மாணவர் கண்டதற்குக் காரணம் மேதைமை என்று நினைக்கத் தேவையில்லை. இந்த வகை ஓட்டை பள்ளிநிலைப் போட்டிகளில் வழக்கமாக வரும் கணக்கு. எண்ணை மாற்றிப் பார் என்பது அந்தப் பயிற்சியின் அரிச்சுவடி.

இன்னும் நுட்பமானது, பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமில் காட்டியது. கடவுச்சொல் மறந்துபோனால் கைப்பேசிக்கு ஓர் ஆறிலக்க எண் வரும். பத்து நிமிடம் செல்லும். ஆறிலக்கம் என்றால் 10 லட்சம் சாத்தியங்கள். எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, ஓர் இணைய முகவரியிலிருந்து சில நூறு முயற்சிக்குமேல் வந்தால் தளம் தடுத்துவிடும். தடுப்பு இருந்தது, வேலையும் செய்தது. அவர் 1,000 முகவரிகளிலிருந்து, முகவரிக்கு 200 வீதம், 2 லட்சம் முயற்சிகளை ஒரே சமயத்தில் அனுப்பிப் பார்த்தார், எதுவும் தடுக்கப்படவில்லை. அப்படியானால் 5,000 முகவரிகள் கிடைத்தால் பத்து லட்சமும் முடிந்தது. வாடகைக் கணினிகள் கிடைக்கும் காலத்தில் 5,000 முகவரி ஒரு பொருட்டே இல்லை. ஒரு மனிதர் ஒரே முகவரியிலிருந்துதான் வருவார் என்ற எண்ணத்தின்மேல் தடுப்பு கட்டப்பட்டிருந்தது. பேஸ்புக் அவருக்கு 30,000 டாலர் வெகுமதி தந்தது. இதைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும் கணிதம் ஆறாம் வகுப்புப் பெருக்கல்.

இவ்வளவும் வகுப்பிலேயே சொல்லித் தரலாமே, போட்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வகுப்பில் ஆசிரியர் விடையைச் சொல்லிவிடுவார். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது எல்லாருக்கும் சுலபம். போட்டியில் தவறான வழிகளில் நாற்பது தடவை முட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணினி முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லும். சலுகையும் கிடையாது, கோபமும் கிடையாது. அறிவியல் சோதனைக்கூடத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத அனுபவம் இது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் வர வேண்டிய விடை முன்கூட்டியே தெரியும்; வராவிட்டால் வந்ததுபோல் எழுதுவதும் நடக்கிறது. இங்கே வந்ததுபோல் எழுத வழியில்லை. அடுத்தது, அணி. கோப்பைப் பிரிப்பவர், சங்கேதக் கணக்குப் போடுபவர், இணையப் பக்கத்தைத் துருவுபவர் என்று ஆளுக்கொரு கை தேவைப்படுவதால், கணக்கில் கெட்டிக்காரியும் பொறுமைசாலியும் ஆங்கிலம் வேகமாக வாசிப்பவனும் ஒருவரையொருவர் சார்ந்தே முன்னேற முடியும்.

இதற்கு உலக அனுபவம் உண்டு. 1996இல் லாஸ் வேகாஸின் டெஃப்கான் மாநாட்டில் பெரியவர்கள் ஆடத் தொடங்கிய, ஆங்கிலத்தில் சுருக்கமாக சி.டி.எஃப். (கொடியைக் கைப்பற்று) எனப்படும் இந்த விளையாட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார். டேவிட் பிரம்லியும் அவருடைய மாணவர்களும் 2013இல் பிகோ-சி.டி.எஃப். என்ற பத்து நாள் போட்டியைக் கதை வடிவிலான விளையாட்டாக நடத்தினார்கள். 57 கணக்குகள், ஏறத்தாழ 2,000 அணிகள். இந்தியாவில் இந்த வேலையைத் தொடங்கியது நமக்குக் காற்று வரும் அதே கணவாய்க்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியில். கோயம்புத்தூர் எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்த விஸ்வ வித்யாபீடத்தின் அமிர்தபுரி வளாகத்து மாணவர் குழுவான பயோஸ், 2010 முதல் இன்-சி.டி.எஃப். போட்டியை நடத்துகிறது. பள்ளி மாணவர்களுக்கென்றே இன்-சி.டி.எஃப். ஜூனியர் பிறகு வந்தது. அங்குள்ள மாணவியரின் ஷக்தி குழு பெண்களுக்கென்று தனிப்போட்டியும் நடத்துகிறது. உள்ளூரிலேயே உதவிக்கு ஆள் வேண்டுமென்றால், கோவில்பட்டியில் 1984 முதல் இயங்கும் நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மூன்றாம் ஆண்டு கணினி மாணவர் இருவர் மாதம் ஒரு சனிக்கிழமை கயத்தாறு வந்துபோவது பெரிய ஏற்பாடு இல்லை.

மறுப்புகளில் முதலாவது, பெற்றோரும் தலைமையாசிரியரும் ஒரே குரலில் சொல்வது: பிள்ளைக்குத் திருடக் கற்றுக்கொடுப்பதா? கண்மாய்க்கரையில் எலி வளையும் நண்டு வளையும் எங்கே இருக்கின்றன என்று ஐப்பசி மழைக்கு முன்னால் தேடிப்போகிறவனை யாரும் கரையை உடைக்க வந்தவன் என்று சொல்வதில்லை. ஆனால் அவனுக்கு எந்த வளை எப்படிக் கரையை உடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதுமட்டும் பதிலாகிவிடாது என்பதும் உண்மை. கற்றவர்களில் ஒருவர் வழி தவறினாலும் அடிபடுவது பள்ளியின் பெயர். எனவே சட்டத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66ஆம் பிரிவுகளின்படி, உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் தீய நோக்கோடு நுழைந்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போட்டிக் கணினிக்குள் நுழைவது குற்றமாகாததற்கு ஒரே காரணம் அனுமதி. அந்த ஒரு சொல்லின் எடையைப் போட்டியில் ஆடியவர் உணர்ந்த அளவுக்கு, யூடியூப் பார்த்து இருட்டில் கற்றவர் உணர்வதில்லை. போட்டிகளின் விதிமுறையிலேயே, தரப்பட்ட இலக்கைத் தவிர மதிப்பெண் தளத்தையோ மற்ற அணியையோ தொட்டால் வெளியேற்றம் என்று இருக்கும். பதினேழு வயதுக்காரருக்கு ஆர்வம் வந்துவிட்ட பிறகு அதை அடக்கிவைக்க முடியாது. வேலி போட்ட களம் ஒன்றைக் காட்டத்தான் முடியும். ரயில்வே தளத்தில் ஓட்டை கண்ட மாணவர் பேசாமல் இருந்துவிடவில்லை, விளையாடிப் பார்க்கவும் இல்லை, எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொன்னார். ஆனால் அப்படி நல்லெண்ணத்தோடு சொல்பவருக்கு நம் சட்டத்தில் தெளிவான பாதுகாப்பு எழுதி வைக்கப்படவில்லை என்பதையும் மாணவரிடம் மறைக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. துறைக்குள் இருப்பவர்களே சொல்வது. போட்டிக் கணக்கில் கொடி இருக்கிறது என்று தெரியும். ஒருவர் வேண்டுமென்றே ஒளித்துவைத்திருக்கிறார். நிஜ வாழ்க்கையில் ஓட்டை இருக்கிறதா என்பதே தெரியாது. மேலும், உண்மையான பாதுகாப்பு வேலையில் பெரும்பகுதி சலிப்பூட்டுவது: பழைய மென்பொருளைப் புதுப்பிப்பது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவது, பதிவேடுகளைப் படிப்பது. வியாசாட் சம்பவத்தில் தோற்றது யாருடைய புதிர்த்திறனும் இல்லை. ஒரு கருவியின் அமைப்பு. இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி சரி. அதனால்தான் தாக்கும் வகைப் போட்டி மட்டும் போதாது என்று தோன்றுகிறது. அமெரிக்க விமானப்படைச் சங்கம் 2009இல் தொடங்கிய சைபர்-பேட்ரியாட் போட்டி வேறு மாதிரி. ஓர் அலுவலகக் கணினியின் நகல் அணியிடம் தரப்படும். பலவீனமான கடவுச்சொல், தேவையற்ற கணக்கு, திறந்து கிடக்கும் சேவை இவற்றையெல்லாம் கண்டு அடைத்தால் மதிப்பெண் ஏறும். அவசியமான சேவை ஒன்றை அவசரத்தில் நிறுத்திவிட்டால் இறங்கும். அந்த இறக்கம் அருமையான யோசனை. காற்றாலையைப் பாதுகாக்கிறேன் என்று காற்றாலையை நிறுத்திவிடுவதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? நம் மாவட்டத்தில் யாராவது புதிதாகப் போட்டி நடத்துவதானால் இரண்டு வகையையும் பாதிப் பாதி கலப்பது நல்லது.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது வசதிக் குறைவும் ஆங்கிலமும். வசதி பற்றிய வாதம் முன்பு செல்லுபடியானது. இப்போது அவ்வளவு செல்லாது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 2019 முதல் ஹைடெக் லேப் இருக்கிறது. பிகோ-சி.டி.எஃப். தளத்தில் எதையும் நிறுவ வேண்டாம். உலாவிக்குள்ளேயே லினக்ஸ் திரை வந்துவிடும். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொன்ன ஆசிரியர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. கருவி இல்லாமல் நாம் பின்தங்கவில்லை, கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பின்தங்கினோம். பாடத்திட்டமும் எதிராக இல்லை. பிளஸ் ஒன் கணினி அறிவியலில் எண் முறைகளும் தருக்க வாயில்களும் இருக்கின்றன, கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் என்று ஒரு பாடமே இருக்கிறது. பிளஸ் டூவில் பைத்தான். ஆங்கிலம் உண்மையான தடை, அதை மழுப்ப வேண்டாம். கணக்கின் விவரம் நான்கைந்து வரிதான் இருக்கும். ஆனால் தேடிப் படிக்க வேண்டியது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். கொஞ்சம் இப்படிச் சமாளிக்கலாம்: முதல் மூன்று மாதம் தமிழில் எழுதிய கணக்குகள், பிறகு கலந்து, பிறகு நேராக ஆங்கிலம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வந்து படிக்கவைக்கும் தாய்மார்களின் பிள்ளைகள், நீட் பாடத்தை ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படிப்பதைவிட இது கடினம் இல்லை. அதோடு, எண்களுக்கு மொழி கிடையாது. 224, 174, 149 என்று பார்த்ததும் 'க' என்று சொல்லும் பிள்ளை நம்மிடம்தான் இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, சாட்பாட்டிடம் கொடுத்தால் எளிய கணக்குகளை நொடியில் போட்டுவிடுகிறதே என்ற கேள்வி புதியது. ஆமாம், போடுகிறது, மதிப்பெண் பட்டியலை வைத்து யாருடைய திறனையும் அளக்க இனி முடியாது. போட்டி நடத்துபவர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி அளவில் இதற்குத் தீர்வு சுலபம்: கொடியைக் கொண்டுவந்த அணி, கரும்பலகையில் நின்று எப்படிக் கிடைத்தது என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். விளக்கத்துக்குத்தான் மதிப்பெண். இன்னொரு பக்கம், நிரலையே இயந்திரம் எழுதித் தரும் காலம் வந்ததால் வேலை குறைந்துவிடவில்லை. இயந்திரம் எழுதிய நிரலுக்குள்ளும் யாரும் சொல்லாத எண்ணங்கள் இருக்கின்றன. அதை எழுதிய மனிதர் என்று யாருமே இல்லாததால் போய்க் கேட்கவும் முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆசை காட்டக் கூடாது. இந்தப் போட்டியில் ஆடினால் வேலை நிச்சயம், லட்சங்களில் சம்பளம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் பெருகிவிட்டன. 30,000 டாலர் வெகுமதி ஆயிரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது. அணியில் ஆடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் வங்கியிலோ, மின்வாரியத்திலோ, பஞ்சாலைக் கணக்குப் பிரிவிலோ, காற்றாலைப் பராமரிப்பிலோதான் வேலைக்குப் போவார்கள். அங்கேதான் இந்தப் பயிற்சி கைகொடுக்கும். சரியாக அமைக்கப்படாத வி.பி.என். கருவியும், நிர்வாகப் பிரிவில் நோய்பிடித்த கணினியும் உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்ட அலுவலகங்களில்தான். டெல்லியிலிருந்து நிபுணர் வந்து பார்ப்பதற்கு முன்னால் அவற்றைப் பார்க்கக்கூடிய கண்கள் அங்கே வேலை செய்பவர்களுடையவை.

ஆகவே கயத்தாறு, கழுகுமலை, கடம்பூர், எட்டயபுரம் பக்கத்துப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய விழாவும் அரசாணையும் வருவதற்குக் காத்திருக்க வேண்டாம். பிளஸ் ஒன் வகுப்பில் நான்கு பேர், அதில் இரண்டு பேராவது மாணவியர், வாரத்தில் ஒரு மாலை, லேப் சாவி. பிகோ-சி.டி.எஃப். பயிற்சித் தளத்தில் பழைய கணக்குகள் ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கின்றன. பரிசுத்தொகை பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகளுக்கு. ஆடுவதற்கு எந்த ஊர்க்காரருக்கும் தடையில்லை. 13 வயது நிரம்பியிருக்க வேண்டும், கட்டணம் கிடையாது.